ஏழாம் நம்பர் குரங்கின் வயிறு

3-2-2025, திங்கள்
இன்று முதல் மகள் யமுனாவின் குரங்கு ஆராய்ச்சியில் நானும் உத்தியோகஸ்தன். சம்பளம் கிடையாது, கையுறை உண்டு. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் திரியும் இருபத்திரண்டு குரங்குகளுக்கும் நம்பர் கொடுத்திருக்கிறாள். எது எங்கே வெளிக்கிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சாணியை அதனதன் டப்பாவில் எடுக்க வேண்டும். "சாணி இல்லப்பா, சாம்பிள்னு சொல்லுங்க." பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு வந்த பதவி! அவள் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எந்த வயிற்றில் எத்தனை புழு முட்டை என்று எண்ணுவாள். ஜனங்கள் போடும் பன்னும் பொங்கலும் குரங்குகளை என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி.

"ரெண்டு பேரும் குளிச்சிட்டுத்தான் அடுப்படிக்கு வரணும்" என்றாள் என் மனைவி ரெங்கம்மாள். வீட்டுச் சட்டம் அவளுடையது.

9-2, ஞாயிறு
கூட வேலை பார்த்த பாக்கியநாதன் படித்துறையில் பார்த்துவிட்டான்.
"என்னய்யா, பென்ஷன் பத்தலையா?"
"பொண்ணுக்கு ஒத்தாசை."
"டாக்டருக்குப் படிக்குதுன்னியே?"
"இதுவும் டாக்டர் பட்டந்தான்யா."
"பேஷண்ட் எங்க?"
மரத்தைக் காட்டினேன்.

15-2, சனி
ஏழாம் நம்பர் காது கிழிந்த கிழட்டுப் பெட்டை. விலா எலும்பை எண்ணலாம். புழுவும் அதற்குத்தான் அதிகம். மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "நாம பாக்க மட்டும்தாம்ப்பா வந்திருக்கோம். எதுவும் குடுக்கக் கூடாது." சரி என்றேன். சரி சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

17-2, திங்கள்
கொடுத்துவிட்டேன். யமுனா சின்னவளாக இருந்தபோது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்துக் கொடுப்போமே, அதே பூச்சி மாத்திரை. ஒன்று. பூவன்பழத்துக்குள் வைத்து. பெற்ற பெண்கூட இவ்வளவு சமத்தாக விழுங்கினதில்லை.

4-3, செவ்வாய்
"அப்பா! ஏழாம் நம்பர்ல ஒரு முட்டைகூட இல்ல!" என்று குதித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள், "ஏதோ இலையத் தின்னு தனக்குத் தானே வைத்தியம் பண்ணிக்குதுப்பா! இங்க யாருமே இதப் பார்த்ததில்ல!" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

7-3, வெள்ளி
மூன்று நாளாக வெயிலில் ஏழின் பின்னால் அலைகிறாள். அது கடித்துப் போட்ட இலையை எல்லாம் பேப்பருக்குள் வைத்துச் சேர்க்கிறாள். முகம் கறுத்துவிட்டது, ஆனால் அவ்வளவு சந்தோஷம். திங்களன்று அவளுடைய புரொபசர் அம்மாவிடம் இதைச் சொல்லப் போகிறாளாம். பிறகு பத்திரிகையில் எழுதுவார்களாம்.

நாலு வருஷப் படிப்பு. நாளைக்கு யாராவது பொய் என்று கண்டுபிடித்தால் சிரிப்பது என்னைப் பார்த்தா? அவளைப் பார்த்து. என்னடா பண்ணி வச்சிருக்க?

8-3, சனி
சொல்லிவிட்டேன். தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.
"ஏழாம் நம்பர்... அது இலை இல்லம்மா. மாத்திரை."
"என்ன மாத்திரை?"
"உனக்குக் குடுப்போமே, அது."
ரெங்கம்மாள் சிரித்துவிட்டாள். யமுனா சிரிக்கவில்லை.
"எத்தன தடவ? என்னிக்கு?"
இந்த நோட்டை எடுத்துவந்து பதினேழாம் தேதியைக் காட்டினேன். குறித்துக்கொண்டாள்.
"வேற எதுக்காவது?"
"சத்தியமா இல்லம்மா."
"மூணு நாளா வெயில்ல சுத்துனேம்ப்பா. பார்த்துக்கிட்டேதான இருந்தீங்க?"

தட்டைக் கழுவும் சாக்கில் எழுந்து போனேன்.

10-3, திங்கள்
காலையில் யுனிவர்சிட்டிக்குப் போனாள். ரெங்கம்மாளிடம் மட்டும் "போயிட்டு வரேன்."

11-3, செவ்வாய்
யமுனா தன் அம்மாவிடம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்னவோ. புரொபசர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். அச்சானபிறகு தெரிந்திருந்தால்தான் அழ வேண்டியிருந்திருக்கும் என்றாராம். ஏழாம் நம்பரை எடுத்துவிட்டு மிச்சம் இருபத்தொன்றை வைத்தே எழுதலாமாம். ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டுமாம்: வெளியாள் ஒருவர் மருந்து கொடுத்ததால் ஒரு குரங்கு கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"வெளியாளா? யாருடி அந்த மகராசன்?" என்றாள் ரெங்கம்மாள், கூடத்துக்குக் கேட்கிற மாதிரி.

யமுனா சிரித்த சத்தம் கேட்டது.

14-3, வெள்ளி
காலை ஐந்தரை. கையுறையை நீட்டி, "வர்றீங்களா?" என்றாள். செருப்பைத் தேடுவதற்குள் வாசலில் நிறுத்தி, ஏர்போர்ட் போலீஸ் மாதிரி என் சட்டைப் பையைத் தடவினாள். ஒரு கடலை மிட்டாய் அகப்பட்டது.

"எனக்கும்மா. சத்தியமா எனக்குத்தான்."

நம்பினாளா தெரியவில்லை. உடைத்துப் பாதியை அவள் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்தாள்.