என் மேல் ஒரு புகார்

ஜூன் 18, 2006
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க முர்மான் அண்ணாவுக்கு,

எத்தெரி எழுதுவது. நீங்களும் இங்கா அண்ணியும் பிள்ளைகளும் அங்கே வெளிநாட்டில், தெசலோனிகியில், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீங்கள் இப்போது லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போவதாக உங்கள் தங்கை சொன்னாள். வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு நிறுத்திக்கொள்கிறவள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். சொல்ல வேண்டிய விஷயம் அப்படி. வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மேல் ஒரு புகார் பதிவாகி, விசாரணை நடந்து, தண்டனையும் வந்துவிட்டது. தோளில் இருந்த நட்சத்திரங்களில் ஒன்று போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அம்மா கேட்டாள். நீங்களாவது முழுக்கதையையும் கேளுங்கள்.

முதலில் நம் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் காலத்துக் கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் இருந்த மூன்றாம் அறையும் அதோடு போயிற்று. இடிக்கிற அன்று நான் போய் நின்று பார்த்தேன். புதுக் கட்டடம் நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதெல்லாம் தெருவிலிருந்தே தெரியும். ஊர்ப் பெண்கள் கடைக்குப் போகிற வழியில் அந்தக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார்கள். உள்ளே இருக்கிற நாங்கள் வணக்கம் சொன்னால் வெட்கப்பட்டு ஓடுகிறார்கள்.

பழைய ஆட்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். என்னையும் அனுப்பினார்கள். இருபது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மறுபடி பரீட்சை எழுதினேன், மைதானத்தை ஐந்து சுற்று ஓடினேன், நான்காம் சுற்றில் வாந்தி எடுத்தேன். ஆனாலும் தேறிவிட்டேன். போன ஆண்டு பயிற்சிப் பிரிவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். ஸ்டேஷன் பொறுப்பும் என்னிடம்தான்.

இந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்க்க வேண்டும் அண்ணா. தேக்லே என்று ஒரு பெண், மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மெலிந்த உடம்பு, கிசுகிசுவென்று பேச்சு. பேசோ என்று ஒருவன், மல்யுத்த வீரன், கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவான். நான் குடிகாரி மாதிரி நடித்துக் காரில் உட்கார்ந்திருப்பேன், அவன் வந்து நிறுத்த வேண்டும். முதல் நாள் வந்து ஜன்னல் பக்கம் குனிந்து, "மன்னிச்சுக்கங்க மேடம், நீங்க குடிச்சிருக்கிற மாதிரி தெரியுது, எனக்கே சங்கடமா இருக்கு" என்றான். வகுப்பே உருண்டு சிரித்தது. மூன்றே மாதத்தில் அதே பேசோ என் நடிப்புக்கெல்லாம் அசையாமல் நின்று, உரிமைகளைப் படித்துக் காட்டி, என்னைக் கைப்பிடித்து இறக்கிவிட்டான்.

எங்கள் ஒழுங்கு விதிகளில் பதினோராவது விதியை நானே எழுதினேன். பிடிபட்டவர் மேல் எந்தக் காவலர் கை வைத்தாலும், பார்த்தவர் ஒரு நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அடித்தவர் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி. ஒரு நகலை அவரிடமே நேரில் கொடுக்க வேண்டும். கூட நின்ற இரண்டாவது ஆள் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் இரண்டாவது கையெழுத்து என்று ஒரு பிள்ளை கேட்டான். தனியாக எழுதியவனைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, காலை பதினொரு மணி. ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மனைவியின் கையை முறித்திருந்தான். அந்தப் பெண் மருத்துவமனையில் இருந்தாள். இவன் என் முன்னால் நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி மறு காலில் போட்டுக்கொண்டு, "என் பொண்டாட்டி, என் வீடு. உனக்கு என்ன வந்துச்சு? புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது" என்றான். மருத்துவமனையில் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அறைந்துவிட்டேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. நாற்காலியோடு சாய்ந்தான். உதட்டில் ரத்தம்.

தேக்லேயும் பேசோவும் அறையில் இருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே சந்தைக்குப் போகிற ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். அவர்கள் கை தட்டினார்கள், அண்ணா. மத்தியானம் சந்தையில் கீரை விற்கும் ஜுஜூனா என் பையில் கொத்தமல்லிக் கட்டைத் திணித்து, "ரெண்டோட ஏன்டி நிறுத்துனே? எனக்காக ஒண்ணு போட்டிருக்கலாம்ல" என்றாள். கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அன்று முழுக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேக்லே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தாள். அது நடுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"மேடம், நேத்து நடந்ததை எழுதியிருக்கேன். நகல் உங்க கையிலயே குடுக்கணும்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

படித்தேன். நாற்காலி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரைக்கும் எழுதியிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. "நீ வேலைக்கு வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது வாரம், மேடம்."

"அந்தப் பொம்பளை கையைப் பார்த்தியா நீ?"

"பார்த்தேன் மேடம். அவங்ககிட்ட வாக்குமூலம் எழுதினதே நான்தான்." பிறகு, "நீங்க அடிச்சப்ப எனக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. அதான் பயமா போச்சு" என்றாள்.

அவளைப் போகச் சொன்னேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அவள் போன கையோடு, பதிவு மேசைக்குப் போக வேண்டிய அசல் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கீவி உள்ளே வந்தார். உங்களுக்கு அவரை நினைவிருக்கும். எந்தச் சல்லடையில் சலித்தாலும் தங்கிவிடுகிறவர், இப்போது எனக்குத் துணைத் தலைவர். கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் பேசினார். "எதுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? ஒரு தாள்தானே. இன்னும் பதிவேட்டுல ஏறல. பேசோகிட்ட நான் பேசிட்டேன். பனி மலைச் சாவடியில மூணு குளிர்காலம் நிக்கணுமான்னு கேட்டேன். பய புரிஞ்சுக்கிட்டான். ரெண்டாவது கையெழுத்து வராது. அது இல்லாம அந்தத் தாள் வெறும் தாள்தான்."

அண்ணா, இதே சொற்களை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மார்ச் மாதம். அன்று மேசை மேல் இருந்த தாள் உங்களுடையது, மூன்றாம் அறையில் பிடிபட்டவனை அடித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய புகார். அதன் அடியில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தீர்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. நான் வராந்தாவில்தான் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் உங்கள் மேசை காலியாகிவிட்டது. பாஸ்போர்ட் பிரிவில் எனக்கு நல்ல இடம் கிடைத்தது.

கீவியிடம் தாளை வாங்கினேன். நேராகப் பதிவு மேசைக்குப் போய், எண் போட்டு, என் கையாலேயே ஏற்றினேன். இரண்டாவது கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தபடியே தலைநகரத்துக் கண்காணிப்புப் பிரிவுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு, தாளைப் பதிவு மேசையிலேயே விட்டேன். கீவி பேசோவிடம் சொன்னதையும் தனியாக எழுதி அதோடு வைத்தேன். அவர் பின்னாலேயே வந்து, "நல்லா இருக்கிற காலை நீயே வெட்டிக்கிற" என்றார். பிறகு வகுப்பு வாசலில் நின்று, இன்றைக்கு நான் கட்டடத்தில் இருக்க மாட்டேன், யாரும் யாரைப் பார்த்தும் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். பேசோவைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு மிரட்டலாகத்தானே போயிருக்கும்.

ஆற்றங்கரை வரை போனேன். உட்கார முடியவில்லை, திரும்பினேன். எதிர்நடைபாதையில் ரொட்டிக்கடை வாசலில் நின்றுகொண்டு ஸ்டேஷனைப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியை வெளியே நின்று பார்த்தது அன்றுதான். பேசோ பதிவு மேசையின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கீவி பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். பேசோ தலையாட்டினான். கீவி போனதும் மறுபடி அப்படியே நின்றான். ரொட்டிக்காரர், "யாரைம்மா வேவு பாக்கிறே, உன் ஆபீசையேவா?" என்று கேட்டார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மூன்று அடுப்பு ரொட்டி வெந்து வெளியே வந்துவிட்டது. பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்லக் குனிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு அவன் எழுதினான். நிமிர்ந்து தாளைப் பார்த்தான், மறுபடி குனிந்து தேதியையும் போட்டான்.

தெருவில் நின்று அழுதேன், அண்ணா. ரொட்டிக்காரர் பயந்துபோய் ஒரு சூடான ரொட்டியைக் கையில் கொடுத்தார். இதை நான் வாங்கக் கூடாது என்று அழுதுகொண்டே சொன்னேன். "அப்ப கையில புடிச்சுக்கிட்டாவது நில்லு" என்றார்.

தலைநகரத்திலிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். ஒரு வாரம் விசாரித்தார்கள். அடித்தீர்களா என்று கேட்டார்கள், அடித்தேன் என்றேன். அவன் தூண்டினானா என்று கேட்டார்கள், தூண்டினான், ஆனால் அது அவன் வேலை, அடிக்காமல் இருப்பது என் வேலை என்றேன். வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. ஒரு நிலை பதவிக் குறைப்பு, ஸ்டேஷன் பொறுப்பு இனி வேறொருவருக்கு. பயிற்சிப் பிரிவு மட்டும் என்னிடமே இருக்கும். கீவியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அன்று மத்தியானமே, மனைவியின் கையை முறித்தவனின் வக்கீல் ஜாமீன் கேட்டு நீதிமன்றத்தில் எழுந்து, என் கட்சிக்காரரைப் போலீஸ் அடித்து மறைத்துவிட்டது, வழக்கே பொய் என்று சொல்லத் தயாராக வந்திருந்தார். தேக்லேயின் அறிக்கையையும் என் தண்டனை உத்தரவையும் நீதிபதி அவர் முன்னால் நீட்டினார். மறைக்க ஒன்றுமில்லாத வழக்கில் அவருக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஜாமீன் கிடைக்கவில்லை. அந்தப் பெண் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

நேற்று வகுப்பில் அந்தப் புகாரையே பாடமாக வைத்தேன். எங்கே நன்றாக எழுதியிருக்கிறது, எங்கே இன்னும் தெளிவு வேண்டும் என்று வரிவரியாகப் படித்தோம். தேக்லேயின் முகம் மாதுளை நிறத்தில் இருந்தது. ஒரு பிள்ளை, "மேடம், உங்களைப் பத்தியே நீங்க பாடம் எடுக்கிறீங்களே, வலிக்கலையா?" என்று கேட்டான். வலிக்கிறது என்றேன். அன்று சொல்லாத நன்றியை எல்லார் முன்னாலும் அவளுக்குச் சொன்னேன். என் மகிழ்ச்சியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வேலையில் நான் செய்து முடித்தது என்று ஒன்று இருந்தால், அது என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டே என் மேல் புகார் கொடுத்த அந்தப் பெண்தான்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். பழைய காலத்தில் அநியாயமாக வெளியேற்றப்பட்டவர்கள் மனு கொடுக்கலாம் என்று அமைச்சகம் அறிவித்திருக்கிறது. அன்று நடந்ததை நேரில் பார்த்த ஒருவரின் வாக்குமூலம் வேண்டும். மூன்றாம் அறையில் நான் பார்த்ததை நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று அனுப்பிவிட்டேன். வராந்தாவில் நான் இல்லை, கதவுக்குள்தான் நின்றேன் என்பதையும் எழுதிவிட்டேன். அதனால் எனக்கு இன்னொரு நட்சத்திரம் போகலாம், போகட்டும். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் விதி அடித்தவருக்குத்தான் நகல் தரச் சொல்கிறது, ஆனால் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

செப்டம்பரில் நாற்பது பேர் புதிதாக வருகிறார்கள். அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. வாருங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வர மனமில்லை என்றால் வர வேண்டாம், அண்ணா. இரண்டு வரி பதில் மட்டும் போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

கடவுள் உங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் மரியாதையுள்ள தங்கையாக இருக்க விரும்பும்,
எத்தெரி