மடுல்சீமையில் மெதுவாக விழுந்த பெட்டி

பதுளை கடைவீதியில் இன்று காலை மீன்காரர் ஒருவர் நுரை பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளை ரெஜிபோம் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். உன் ஞாபகம் வந்தது. நீ போய் மூன்று மாதமாகிறது. அஞ்சலிக் கூட்டத்தில் எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். விண்கலத் துண்டை உலகுக்குக் காட்டிய நிருபர் என்றுகூட ஒருவர் புகழ்ந்தார். நான் பேசவில்லை. பேச வேண்டியதை உனக்கே எழுதுகிறேன்.

வேறு வேறு பத்திரிகை என்றாலும் நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் ஒருவர் இடுப்பு நோகப் போய் வந்தால் போதும். மற்றவர் தொலைபேசியில் கேட்டு எழுதிவிடுவார். ஒன்பது வருடத்துக்கு முன், அந்த மழை நாளில் நீ போனாய். தேயிலைக் கொழுந்து மலையில் வானத்திலிருந்து ஒரு பெட்டி விழுந்திருக்கிறது, காமாட்சி என்ற தொழிலாளி அதைக் கையால் தூக்கித் தான் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார், விண்கலத்தின் துண்டாம், கதிர்வீச்சு இருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது என்றாய். யார் அஞ்சுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படியே என் பெயரில் அனுப்பினேன்.

அடுத்த கிழமை நான் மேலே போனபோது, லயத்துச் சனங்கள் காமாட்சியைப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க விடாமல் நாலடி தள்ளி நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அவர் முறை. வெறுங்கையை என் முன் நீட்டினார்.

"பேப்பர்ல போட்டிருக்கீங்களே சார், என் கையில என்னாங்க ஒட்டியிருக்கு?"

தோட்டத்து ஆபீஸில் அந்தப் பெட்டியைக் காட்டினார்கள். ரெஜிபோம். கூடவே கிழிந்த பலூன், சின்னப் பாரசூட். பூமியைச் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் காற்றுக்குள் நுழைந்தால், முன்னால் நெருக்குண்ட காற்றே தணலாகிவிடும். உலோகம் உருகும் இடத்தில் ரெஜிபோம் பிழைக்குமா? இதுவோ பலூன் வெடித்த பின், காற்றின் தடை எடைக்கு ஈடுகொடுக்க, ஒரே நிதானத்தில் இறங்கிய பெட்டி. பள்ளியில் நீயும் படித்த பாடம்தான். பாடம்கூட வேண்டாம். வானிலை அளக்கும் கருவி, ஆபத்தில்லை என்று பெட்டியிலேயே ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. நீ எடுத்த படத்தில் அந்தப் பக்கம் இல்லை.

பஸ் நிலையத்தில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"பலூனு விழுந்துச்சுன்னு போட்டா எவன்டா படிப்பான்? உன் பேர்லயும்தானே வந்திருக்கு. திருத்தம் போடணும்னா மொத நீ போடு."

நான் போடவில்லை. என் வாயை எதைக் கொண்டு அடைக்கலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கம்; உனக்கு அதுவும் இல்லை. நீ செத்ததால் என் கோபம் குறையவில்லை.

போன கிழமை என் பத்திரிகையில் நான் எழுதிக் கொடுத்த நாலு வரித் திருத்தம் வந்தது. எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். காமாட்சி எழுத்துக் கூட்டிப் படித்து, தாளை மடித்து வைத்தார்.

"இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்லங்க. அவங்கெல்லாம் மறந்துட்டாங்க."

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். அங்கே ஒருவருமில்லை. தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் அவர் நாலடி தள்ளியே கொஞ்ச நேரம் நின்றார். அந்த நாலடியைப் பார்க்காமலே நீ போய்விட்டாய். நான் பார்த்தேன்.