இல்லாதவர்களுக்கு ஒரு பாட அட்டவணை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ "சொல்லுங்கப்பா" என்றவுடன் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. பக்கத்தில் உன் அண்ணன் இருந்துவிட்டால் நினைவிருப்பதையும் விட்டுவிட்டு அங்கே குளிரா என்று கேட்கிறேன். நீ பதறாமல் படிக்க வேண்டுமே என்று எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வீட்டு நிலவரம்.
2. அண்ணனின் கல்லூரி வளர்ந்த விதமும், இனி அவன் செய்ய நினைப்பதும்.
3. அதில் நான் செய்த வேலை.
4. அங்கே உன் பெயர் எப்படி வந்தது என்பது.
5. அடுத்த மாதம் பதினான்காம் தேதி நீ இங்கே வந்துபோக வேண்டியதன் அவசியம்.

நான்காவதைப் பார்த்துவிட்டு நேரே அங்கே தாவிவிடாதே. வரிசையாகப் படித்தால் என்மேல் கோபம் கொஞ்சமாவது குறையும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், தலைசுற்றல் இல்லை. அம்மாவிடம் அண்ணன் நீ வரப்போகிறாய் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறான், ஏன் என்று சொல்லவில்லை. அவள் உன் அறையிலிருந்த பழைய செய்தித்தாள் கட்டுகளை எல்லாம் என் அறைக்கு மாற்றிவிட்டாள். அவற்றின் நடுவே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அண்ணனின் கல்லூரியை நீ ஒரு மாடியாகப் பார்த்துவிட்டுப் போனாய். இப்போது மூன்று மாடிகளும் அவனுடையவை. கீழே இருந்த மரச்சாமான் கடை போய்விட்டது. அந்த இடத்தில் சேர்க்கை அலுவலகம். உன் அண்ணிதான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பகல் வகுப்பு, மாலை வகுப்பு, வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதி வகுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். அடுத்து ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து ஆய்வகப் படிப்பு, பக்கத்து ஊரில் இரண்டாவது வளாகம், அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே படிக்கும் பட்டம். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டி வண்ணக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிடுவான்: "அப்பா, நீங்க கணக்கு வாத்தியார். நான் சொல்றதும் கணக்குதான். ஸ்கூல் முடிச்சிட்டு வர்ற நூறு பேர்ல எத்தனை பேருக்கு அரசாங்கக் காலேஜ்ல இடம் இருக்கு? மிச்சப் பேரு எங்க போவாங்க? நாம கதவைத் திறக்கலேன்னா வேற ஒருத்தன் திறப்பான்."

கணக்கு சரிதான். இதை நான் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்க்கை நாட்களில் வாசலில் நிற்கிறவர்களை நான் பார்க்கிறேன். மகளோடு வரும் பஸ் டிரைவர், தானே படிக்க வரும் தையற்காரர், மதிப்பெண் குறைந்ததற்காகத் தலை குனிந்து நிற்கும் பிள்ளைகள். படிக்க வேண்டும் என்ற அவர்களுடைய பசி பொய்யில்லை. அண்ணன் அதைக் கண்டுபிடித்ததிலும் தப்பில்லை. ஆனால் மாடி வளர்ந்த வேகத்துக்கு ஆசிரியர்கள் வளரவில்லை. அங்கேதான் நான் நுழைகிறேன்.

போன வருடம் புள்ளியியல் பட்ட வகுப்பு தொடங்க விண்ணப்பித்தான். துறைத்தலைவர் நான். வேறு யாரையும் வைத்தால் கேள்வி கேட்பார்கள் என்று என்னை வைத்தான் போலிருக்கிறது. எனக்குக் கீழே மூன்று பேர் வேண்டும் என்பது விதி. ஆய்வுக் குழு வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. "பேர் மட்டும் இருக்கட்டும்பா, அனுமதி வந்ததும் நிஜ ஆளைப் போட்டுடலாம்" என்றான். மூன்று பெயர்களைத் தந்து பாட அட்டவணை போடச் சொன்னான்.

அட்டவணை என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் போட்டவன். பச்சை, நீலம், பழுப்பு என்று மூன்று பென்சில்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவர் அண்ணனோடு படித்தவர், துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். இன்னொருவர் என் பழைய சகா. இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் மாடி வகுப்பு எதையும் போடவில்லை. வியாழக்கிழமை அரைநாள் ஓய்வும் கொடுத்தேன். மோதல் இல்லாமல், ஒரு அறைகூட வீணாகாமல் அட்டவணை அமைந்தது. குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு ஒழுங்கா ஒரு டைம்டேபிளை நான் பாத்ததில்லை சார்" என்று சொல்லி, மற்ற கல்லூரிகளுக்குக் காட்ட ஒரு பிரதியும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை. அண்ணிதான் சாப்பிடும்போது சொன்னாள்: "மாமா போட்ட டைம்டேபிள்ல, இல்லாதவங்ககூட லேட்டா வர மாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது பெயர் உன்னுடையது.

மூன்றும் நான்கும் கலந்துவிட்டன, பரவாயில்லை. உன் சான்றிதழ்களின் நகல்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனாய் அல்லவா? அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிவைத்திருந்தேன். "ஒரு ஜெராக்ஸ்தானேப்பா, வீட்டுப் பிள்ளைதானே" என்றான் அண்ணன். கொடுத்தேன். உன்னைக் கேட்கலாமா என்று ஒரு முறை சொல்லிப்பார்த்தேன். "அவ வேண்டாம்னுதான் சொல்வா, அப்புறம் எதுக்குக் கேக்கணும்?" என்றான். அந்த நேரத்தில் அது எனக்குச் சரியான தர்க்கமாகத் தோன்றியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பணியை ஏற்றுக்கொள்வதாக ஒரு தாளில் உன் கையெழுத்து வேண்டியிருந்தது. அதைப் போட்டது அண்ணன் இல்லை, நான். உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் உன் எழுத்தின் வளைவுகள் எனக்குத் தெரியும். இந்த வரியை எழுத இரண்டு தாள் வீணாகிவிட்டது. அன்று ஒரே தாளில் போட்டுவிட்டேன்.

ஆக, இங்கே நீ வாரம் பதினாறு பாடவேளை எடுக்கிறாய். காலையில் நீ எழுந்திருக்க மாட்டாய் என்பதால் முதல் வேளை எதுவும் உனக்கு இல்லை.

அனுமதி வந்தது. ஐம்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். இறந்தவர் பெயர் பட்டியலில் இருப்பதை யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் அசல் சான்றிதழ்களோடு பதினான்காம் தேதி பதினொரு மணிக்கு நேரில் வர வேண்டும் என்று கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு. இறந்தவர் விஷயத்தைத் தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிடலாம், துறைமுகத்துக்காரர் வந்துவிடுவார், மீதி நீ ஒருத்திதான் என்கிறான் அண்ணன். "ரெண்டு நாள் வந்து தலையைக் காட்டிட்டுப் போனா போதும். நாம என்ன கொள்ளையா அடிச்சோம்? அவ நெசமாவே அந்தப் படிப்பு படிச்சவதானே!" டிக்கெட் அவனே எடுத்துவிடுவானாம். நீ வராவிட்டால் அனுமதி போய்விடும், பிள்ளைகளின் ஒரு வருடமும் போய்விடும். நான் எழுதினால்தான் நீ கேட்பாய் என்று என்னை எழுதச் சொன்னான். திங்கட்கிழமை காலை இந்தக் கடிதத்தைத் தொடங்கியபோது எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஐந்தாவது குறிப்புக்கு நான்கு காரணங்கள் தனித்தாளில் எழுதிவைத்திருந்தேன்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். இன்று புதன். நடுவில் செவ்வாய்க்கிழமை ஒன்று வந்துவிட்டது.

செவ்வாய் மூன்றாவது பாடவேளை, ஆறாம் எண் அறை, உன் வகுப்பு. ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. பலகை அடித்துத் தடுத்தது. வாரா வாரம் நான்தான் போய் "மேடம் லீவு" என்று சொல்லிவிட்டு வருவேன். நேற்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நோட்டின் முதல் பக்கத்தில் பாடத்தின் பெயரும் அதற்குக் கீழே உன் பெயரும் அழகாக எழுதிக் கோடு போட்டிருந்தாள். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை.

"சார், இது ஆறாவது வாரம். மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவது பெரிசா வந்துடுச்சா? வீட்டு அட்ரஸ் குடுத்தீங்கன்னா நாங்க போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

பின்வரிசையில் ஒருவன், "ஒரு நாளும் வராத மேடத்துக்கு இவ பழம் வாங்கிட்டுப் போவாளாம்" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. திரும்பி அவனிடம், "காலை ஷிப்டை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்டா. உனக்கென்ன, நீ எங்க உக்காந்தாலும் தூங்குவ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை உனக்கு வகுப்பு இல்லை. நான் போட்ட அட்டவணைதான். நீ அத்தனை தூரம் பறந்து வந்து, அசல் சான்றிதழைக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனால் அலுவலகம் நம்பும், அனுமதி நிற்கும். அந்தப் பெண்ணின் நோட்டு அப்படியேதான் இருக்கும். அதன்பிறகு இரண்டாவது வளாகத்துக்கும் இதே மூன்று பென்சில்களை எடுக்கச் சொல்வான்.

நீயோ உன் வேலை இந்த வருடம் நிரந்தரமாகப் போகிறது என்றாய். வேறெங்கும் பணியில் இல்லை என்று எழுதிக்கொடுத்திருப்பதாகவும் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டேதான் போனில் "நல்லது, நல்லது" என்றேன்.

அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். சாக்குக்கட்டியை எடுத்துச் சராசரி என்றால் என்ன என்று தொடங்கினேன். குரல் ஜெனரேட்டரைத் தாண்டவில்லை. "சத்தமா சார்" என்றார்கள். வேளை முடியும்வரை நடத்தினேன். மற்ற இரண்டு பேரின் வகுப்புகளுக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுபத்து மூன்று வயதில் எல்லாவற்றையும் நானே எடுக்க முடியாது. மாணவர்களை வேறு கல்லூரிக்கு மாற்ற விதி இருக்கிறதா என்று கல்வி அலுவலகத்தில், யாருக்காகவோ கேட்பதுபோல், கேட்டுவந்தேன். இருக்கிறது, தாமதமாகும் என்றார்கள்.

அலுவலகத்திலிருந்து உனக்கு யாராவது எழுதினால் உள்ளதைச் சொல்: நான் அங்கே வேலை பார்த்ததில்லை, கையெழுத்தும் என்னுடையதில்லை என்று. பதினான்காம் தேதி உன் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நின்று, போட்டது நான் என்று சொல்லிவிடுவேன். எழுந்து நிற்பேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இது என் சொந்தக் கையெழுத்து. அன்று மாலைக்குள் என்னிடமிருந்து சேதி வராவிட்டால், நீயே அதை அவர்களுக்கு அனுப்பிவிடு. தயங்காதே.

அண்ணனுக்கு இது இன்னும் தெரியாது. தபாலில் சேர்த்த பிறகுதான் சொல்லப்போகிறேன். முன்னால் சொன்னால் அவன் பேச்சில் நான் கரைந்துவிடுவேன். அவனை வெறுத்துவிடாதே. அவன் கேட்டான், மறுத்திருக்க வேண்டியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். கோபமாக இருந்தாலும் எடு. பேச வேண்டாம், எடுத்தால் போதும்.

உன்னைப் பார்த்து மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. அந்தத் தனித்தாளில் எழுதிய நான்கு காரணங்களில் கடைசியாக இருந்தது அதுதான். தாளைக் கிழித்துவிட்டேன். அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல், உன் பெயர் உன்னுடையதாகவே இருந்து, நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா.

ஐந்தாவதாக நான் எழுதியது தவறு. வராதே.

என்றும் உன்,
அப்பா