மழை நாளில் யாரும் வாங்காத வெள்ளி

நேற்று நம் மகளைத் திட்டிவிட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பளத்தில் மிச்சம்பிடித்து நகைக்கடையில் வெள்ளிக் காசுகள் வாங்கி வந்திருந்தாள். ஒன்றை உறையிலிருந்து பிரித்துக் காட்டும்போது கைதவறித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு அவசரத்துக்கு ஆகும்மா" என்றாள். அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. திட்டு முழுக்க உங்களுக்குத்தான். நீங்கள் இல்லாததால் அவள் வாங்கிக்கொண்டாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை போட்டிருந்த நீங்கள், சண்டைக்காலத்தில், எட்டு வயதில் ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். கல்யாணமான முதல் வாரமே அந்தக் கதையைச் சொன்னீர்கள். வழியில் ரூபாய்த் தாள் வைத்திருந்தவர்கள் பட்டினி கிடந்தார்களாம். உங்கள் அம்மா பாவாடை ஓரத்தில் தைத்துக் கொண்டுவந்த வெள்ளி நாலணாக்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கொடுத்து அரிசி வாங்கினாராம். அந்த அரிசியில்தான் பிழைத்தீர்கள். கேட்டபோது நானும் அழுதேன். அந்தக் கதை என் வீட்டையே தின்னப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சந்தை நாளில் வல்லத்திலிருந்தும் பனமலையிலிருந்தும் வருகிறவர்கள் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்களை முந்தானையில் முடிந்து எடுத்து வருவார்கள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவற்றை வாங்க உட்கார்ந்துவிடுவீர்கள். முதலில் காந்தம். ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. பிறகு கருங்கல்லில் ஒரு தட்டு. பிறகு ஓரத்தை விரலால் தடவுவீர்கள். ஓரத்தின் நடுவில் பள்ளமாய்க் கோடு ஓடினால் அது சண்டைக்காலத்துக் காசு, பாதி வெள்ளிதான் என்று தள்ளிவிடுவீர்கள். கழுத்து மாலையில் கோக்கக் கொக்கி வைத்துப் பற்றவைத்ததையும் வாங்க மாட்டீர்கள். முழு ரூபாயைவிட நாலணாவும் எட்டணாவும்தான் உங்களுக்கு உசத்தி. ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு படி அரிசிக்கு முழு ரூபாய நீட்டினா மீதி யார் குடுப்பான்? அன்னிக்கி சில்லறை இருக்காது" என்றீர்கள். தேய்ந்த காசு மலிவாய்க் கிடைத்தாலும் வேண்டாம் என்பீர்கள். "பயந்துபோனவன் தேஞ்சத நம்ப மாட்டான். ராஜா மூஞ்சி தெளிவா இருக்கணும்."

எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள்! இந்த ஊரில் வாங்குகிறவன் எவன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டில் தாள் தங்காது. பேங்க்கும் வேண்டாம், அவனும் தாளைத்தான் தருவான் என்பீர்கள். நான் பருப்பு டப்பாவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பதுக்கி வைத்திருந்தேன். புடவைக்கு இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான். ஆடி மாதம் அதைக் கண்டுபிடித்தீர்கள். சாயங்காலம் டப்பாவில் தாள் இல்லை, எட்டணாக் காசுகள் ஏழு இருந்தன. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், நல்ல வேலை செய்தவர்போலச் சிரித்தீர்கள். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். அது என் தப்பு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வயிற்றுவலியை என்னிடம் மறைத்து, வெந்நீர் குடித்தே சமாளித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் வெடித்திருக்கும்போல, நிற்காமல் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பஸ் ஓடவில்லை. ஊரில் ஒரே ஒரு வாடகைக் கார்தான் கிடைத்தது. டீசல் போட முன்பணம் கேட்டார் டிரைவர்.

நான் உங்கள் பெட்டியைத் திறந்து, மடி நிறைய வெள்ளியை அள்ளிக்கொண்டு ஓடினேன். டிரைவர் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. "அக்கா, இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? பங்க்குல இத வாங்குவானா?" என்றார். மளிகைக் கடையில் கேட்டேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்து நகை செய்யும் ஆசாரி வீட்டுக்குப் போனேன். அவர் தட்டிப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், நீங்கள் செய்வதுபோலவே.

"சொக்க வெள்ளிதாம்மா. ஆனா கையில தாள் இல்லியே. மழ உட்டதும் எடுத்துனு வா."

இப்படியே இரண்டு மணி நேரம் போனது. ஒரு பழைய நூறு ரூபாய்த் தாள் வீட்டில் இருந்திருந்தால் போகாத இரண்டு மணி நேரம்.

கடைசியில் உங்களிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஜமீலா அக்கா, தெருவில் நான் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டார். கேட்டதும் உள்ளே போய், மகள் கல்யாணத்துக்காக வைத்திருந்த பணத்தை எடுத்து என் கையில் திணித்தார். நான் மடியை அவிழ்த்தேன். "அதெல்லாம் எதுக்கு? நீ மொதல்ல கெளம்பு" என்று என் கையை மடக்கிவிட்டார். ராஜா மூஞ்சியை அவர் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைத்தான் பார்த்தார்.

காரின் பின்சீட்டில் உங்கள் தலை என் மடியில். அந்த வெள்ளியும் அதே மடியில், உங்கள் காதுக்குக் கீழே. பள்ளத்தில் கார் இறங்கி ஏறும்போதெல்லாம் கலகலத்தது. அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்திருப்பீர்கள். உதடு காய்ந்திருந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை.

"எத்தினி போச்சி?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுகூட போவல. ஒருத்தனும் வாங்கல" என்றேன்.

என் குரல் எவ்வளவு கொடூரமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு முகத்தை சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மழை விட்டதும் அதே ஆசாரி நல்ல விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ஜமீலா அக்கா மகளின் கல்யாணமும் நின்றுபோகவில்லை. உங்கள் மிஷினில் நானே உட்கார்ந்து தைத்து நம் பிள்ளையைப் படிக்கவைத்தேன். உங்கள்மேல் கோபம் ஒரு நாளும் தணியவில்லை, தணியவும் வேண்டாம். மூன்று நாள் வலியை மறைத்ததற்கு ஒரு கோபம், டப்பாவைத் துழாவியதற்கு ஒரு கோபம், எங்களைவிட வராத ஒரு நாளை நம்பியதற்கு ஒரு கோபம்.

ஆனால் வேறொன்றும் என்னிடம் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "பாதி போச்சி, அதாலதான் கார் கெடச்சிது" என்று அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.