எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பேட்டர்ன்

குமரேசா, என் தங்கமே,

நீ கண்மூடியபின் உன் கம்பெனியை ரேவதிதான் நடத்துகிறாள். கம்பெனி என்றால் உன் மேசை, உன் கம்ப்யூட்டர், உன் மனைவி, அவ்வளவுதான். நேற்று அது கைவிட்டுப் போகப் பார்த்தது.

அந்தப் பனியன் எக்ஸ்போர்ட்காரர்களுக்கு நீ செய்த வெப்சைட்தான். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒவ்வொருவரும் உள்ளே வந்து தன்னுடைய ஆர்டரை, டிசைனை மட்டும் பார்க்க வேண்டும். அதற்கு ஜெனரிக் வியூ என்று ஏதோ சொன்னாய். எனக்குப் புரியவில்லை.

"ஏனுங்ணா, கட்டிங்ல ஒரு பேட்டர்ன வச்சுத்தான எல்லாப் பீசும் வெட்டறாங்க? பட்டியல் காட்டற வேலைய ஒருக்கா எழுதிட்டா, எல்லாப் பக்கமும் அதையே எடுத்துக்கும். எதைக் காட்டணும்னு சொன்னாப் போதும்" என்றாய்.

அதை நம்பி ரேவதி சாம்பிள்களுக்குப் புதுப் பக்கம் ஒன்று சேர்த்தாள். காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு பையர் லாகின்ல இன்னொருத்தரோட டிசைன் தெரியுதுங்க. மத்தியானம் பையரோட ஆளே நேர்ல வர்றாரு. அதுக்குள்ள சரியாகலீன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறமுங்க."

அவள் அழுதுவிடுவாளோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உங்க தம்பி வேலைதானுங்க மாமா. உள்ள வந்தவங்களுது மட்டும் காட்டுங்கிற வரிய ஒவ்வொரு பக்கத்துலயும் தனித்தனியா எழுதியிருக்காரு. நான் என் பக்கத்துல எழுதாம உட்டுட்டேன். அதைப் பேட்டர்ன்லயே வச்சிருந்தா, யாரு மறந்தாலும் தப்பாகாதுங்களே?"

உன் பேட்டர்னில் அவள் கை வைத்தாள்; அந்த வரியை அதிலேயே சேர்த்தாள். அங்கே ஒன்று பிசகினால் எல்லாப் பக்கமும் பிசகும். நீ இருந்திருந்தால் தொட விட்டிருப்பாயா?

பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி நான் செய்தி எழுதியதில்லை. இரண்டு போனில் இரண்டு பையர் லாகினைத் திறந்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன்.

"பேட்டி எடுக்கறாப்ல ஏனுங்க மாமா இத்தனை நிதானம்? பையரோட ஆளு வண்டி கம்பெனி கேட் பக்கத்துல வந்துருச்சாமா!"

கடைசியாக சாம்பிள் பக்கம். அவரவருடையது மட்டுமே தெரிந்தது.

வெகுநேரம் போன் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. பிறகு மெர்ச்சண்டைசரே பேசினார்: "பாத்துட்டாருங்க. கொறை ஒண்ணுஞ் சொல்லலீங்க. டீ குடிச்சிட்டிருக்காரு."

ரேவதி அப்போதுதான் சிரித்தாள். இனித் தேவைப்படாத உன் வரிகளை ஒவ்வொரு பக்கமாக அழித்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் உன் வரியை நீ எழுதியபடியே விட்டுவைத்தாள். எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்டவன் நான். அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை.

இனி அவள் எந்தப் புதுப் பக்கம் எழுதினாலும், இரண்டு போனிலும் நான் பார்த்த பிறகுதான் அது வெளியே போகும். இது உனக்கு என் வாக்கு.

அவளுக்குத் துணையாக,
உன் அண்ணன்