இரண்டாவது கட்டி

மார்ச் 4, செவ்வாய்

அத்தானின் ஸ்லைடு இன்று என் மேசைக்கு வந்தது. குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய புற்று. போன மாதம் கல்லீரலிலிருந்து இரண்டு கட்டிகளை எடுத்தார்கள். கட்டிக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்று சாயம் ஏற்றிப் பார்ப்பது என் வேலை. நிறைய இருந்தால் நோயாளி தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம்.

சொந்தக்காரரின் ஸ்லைடை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். பெரிய கட்டி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், அத்தனையும் எதிர்ப்பு அணுக்கள், மொய்த்துக் கிடந்தன. உடனே அக்காவுக்குப் போன் பண்ணி, நல்லாயிருக்கு என்றேன். சந்தோஷத்தில் அழுதாள்.

மார்ச் 5, புதன்

"நம்ம ஆளுங்க உள்ள இறங்கி அடிச்சிருக்காங்க, பாத்தியா?" அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலைத் திரும்பத் திறக்கப் போகிறாராம். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அக்காவுக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் தந்ததில்லை. "உங்க அக்கா பிரேக்குக்குப் பதிலா ஹாரனை அமுக்குவா." அக்கா சிரித்தாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

ஆனால் நான் சாயம் ஏற்றியது ஒரு கட்டிக்குத்தானே?

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டேவிட்டார். "சின்னதுக்கு ஏம்மா சாயம் போடல?"

பட்டாணி அளவுதான் மேடம், என்றேன்.

"அளவுல என்ன இருக்கு? ஒரு கட்டி மாதிரி இன்னொண்ணு இருக்காது. எதுல அணுக்கள் கம்மியோ, அதை வெச்சுத்தான் மேற்கொண்டு எப்படிப் போகும்னு சொல்லணும்."

யாருடையது என்று சொன்னேன். ஸ்லைடுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நீ தொடாதே. நான் பாத்துக்கறேன்."

மார்ச் 13, வியாழன்

ஏன் முந்திக்கொண்டு அக்காவிடம் சொன்னேன்? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 14, வெள்ளி

மைக்ரோஸ்கோப்பில் சின்னக் கட்டியின் ஸ்லைடு. மேடம் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். உட்கார்ந்தேன்.

நீலம். எங்கே நகர்த்தினாலும் வெறும் நீலம். ஓரத்தில் மட்டும் சில பழுப்புப் புள்ளிகள், வாசலோடு நின்றுவிட்டவை. உள்ளே ஒன்றுகூட இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப எத்தனை நாள்?" என்றார் அத்தான்.

"இது தேதி சொல்லாது அத்தான். வெறும் வாய்ப்புத்தான். மருந்து இருக்கு —"

"அன்னைக்கு நீ வாய்ப்புன்னு சொல்லலியே. நல்லாயிருக்குன்னுல்ல சொன்னே."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார். "போதும், குழாயை மூடு. வண்டியை நீ எடு, வா."

ஏப்ரல் 2, புதன்

தினமும் காலையில் வண்டி, வண்டிக்குள் சண்டை. "கிளட்ச்னா என்னை முறைக்கிறா" என்கிறார் அத்தான். அக்கா அழுதுகொண்டே ஓட்டுகிறாளாம். அவர் விடுவதாக இல்லை.

ஜூன் 9, திங்கள்

ஸ்கேன். கல்லீரலில் புதிதாக நான்கு கட்டிகள். நுரையீரலிலும்.

ஜூலை 28, திங்கள்

இனி கீமோ ஊசி வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காதான் ஓட்டி வந்தாள். பின் சீட்டில் அத்தான் ஜன்னலோரம் சாய்ந்திருந்தார், பக்கத்தில் நான். பாலம் இறங்கும் வளைவில் அக்கா இண்டிகேட்டர் போடாமலே திரும்பிவிட்டாள். பின்னால் வந்த லாரி அலறியது. அவள் கண்ணாடியில் அத்தானைப் பார்த்தாள், இதோ திட்டப்போகிறார் என்பதுபோல.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.