டீச்சரின் சந்தா

ஜூன் 12, திங்கள்

மழை. கடையில் பத்து கம்ப்யூட்டர், மூன்றில்தான் ஆள். முதலாளி எலிட்டா அம்மா வந்ததும் சொன்னார்: "எவனோ கடை மெயிலுக்குள்ள பூந்து பார்த்திருக்கான். பாஸ்வேர்டை மாத்திட்டேன். எல்லா மெஷின்லேருந்தும் கடை மெயிலை வெளியே எடுத்துடு, மாய்லி."

எடுத்தேன். ரோஸ்மேரி டீச்சர் வீட்டில் இணையம் இல்லாததால் தன் லேப்டாப்பை இங்கேயே வைத்திருக்கிறார். அதிலும் கடை மெயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அவர் பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்ல அவருடைய சொந்த மெயிலைப் போட்டேன். கச்சிதமாகச் செய்ததாக எனக்கே ஒரு பெருமை.

ஜூன் 13

டீச்சரின் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மக்கர் செய்கிறது. அவருக்குக் கண் பாதிக்கு மேல் போய்விட்டது. பிரவுசரில் உள்ளதை அதுதான் சத்தமாக வாசித்துக் காட்டும். வருடச் சந்தா கட்டியிருக்கிறார். இன்று பத்து நிமிடம் வாசித்துவிட்டு, 'இலவச நேரம் முடிந்தது, சந்தா வாங்குங்கள்' என்று நின்றுவிட்டது. ஜூலை 2 அன்று அவருக்குப் பணி நிரந்தரத் தேர்வு. ஏழு வருடமாகத் தற்காலிக வேலை.

"கட்டினவளைப் பார்த்தே கட்டலைங்குது! என் கண்ணுதான் போச்சு, அதுக்கு மூளையே போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கடையின் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜார்விஸ் அண்ணன் எக்ஸ்டென்ஷனைக் கழற்றி மறுபடி போட்டார். இப்போது அந்தப் பத்து நிமிடமும் வரவில்லை.

ஜூன் 15

ஏன் என்று தெரிந்துவிட்டது.

பிப்ரவரியில் சந்தா போட்டுக் கொடுத்தது நான்தான். டீச்சருக்குத் தன் மெயில் பாஸ்வேர்டு அன்று மறந்திருந்தது. அதை மாற்ற ரகசிய எண், அந்தக் 'கோடு', வரவேண்டிய போனோ கணவரோடு கொக்கோ தோட்டத்தில். 'நாளைக்கு வாங்க டீச்சர்' என்று சொல்லக் கூச்சம். இங்கே மெயில் இல்லாத எல்லோருக்கும் — மனுவோ விண்ணப்பமோ — கடை மெயிலைத்தான் போட்டுக் கொடுப்போம். அதையே போட்டேன். அவரிடம் சொல்லவும் இல்லை. சந்தா கடை மெயிலின் பெயரில் இருக்கிறது. திங்களன்று அதை எடுத்ததும் நானே.

சொல்ல வாயைத் திறந்தேன். "என்னடி?" என்றார் எலிட்டா அம்மா.

"ஒண்ணுமில்ல."

ஜூன் 16

இன்று டீச்சர் கத்திவிட்டார். "இந்த ஜார்விஸ் கழட்டறப்போ என் சந்தாவையும் சேர்த்துக் கழட்டிட்டான்! நான் பரீட்சைக்கு என்னத்த படிப்பேன்?" பாதியில் குரல் உடைந்துவிட்டது. எலிட்டா அம்மா ஜார்விஸ் அண்ணனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "மாய்லி, நீ பாத்தேல்ல? நான் தொடறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சுல்ல?"

நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

ஜூன் 17

பிரிண்டரில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. பேப்பர் கூட இல்லை.

ஜூன் 19

எலிட்டா அம்மா சாப்பிடப் போன நேரம் டீச்சரின் லேப்டாப்பில் கடை மெயிலை மறுபடி போடப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் போதும் என்றுதான். எலிட்டா அம்மா எனக்கும் சொல்லியிருந்த புதுப் பாஸ்வேர்டைத் தட்டியதும், '47ல் முடியும் எண்ணுக்குக் கோடு அனுப்பியிருக்கிறோம்' என்றது. அது ஜார்விஸ் அண்ணனின் நம்பர். கடை மெயிலை முதலில் தொடங்கியது அவர்தானே.

ஜூன் 21

டீச்சர் என்னையே வாசிக்கச் சொன்னார். உயர்நிலைப் பள்ளியை மூன்றாம் ஆண்டோடு விட்டவள் நான். கல்விச் சட்டத்தில் நாலு பக்கம் தடவித் தடவி வாசித்தேன்.

"சத்தமா கண்ணு, கொசு பேசற மாதிரி இருக்கு."

போகும்போது கையில் ஒரு பொட்டலம் ரொஸ்கிட்டா பிஸ்கட் திணித்தார். "உன்னை விட்டா எனக்கு யாரு?"

தின்ன முடியவில்லை. தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 24, சான் ஹுவான் திருவிழா

ஊரே ஆற்றங்கரையில். ஜார்விஸ் அண்ணன் வீட்டார் பாய் விரித்து, ஹுவானே சோற்றுப் பொட்டலங்களின் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போய் நின்றேன்.

"அட, ஊமைப் பொண்ணு வந்திருக்கு! உக்காரு, சோறு இருக்கு," என்றார் அவர் அக்கா.

நின்றபடியே சொன்னேன். மெயில், பிப்ரவரி, திங்கள்கிழமை, பிரிண்டர், எல்லாம். பாட்டுச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அண்ணன் கையில் இருந்த கோழித்துண்டைக் கீழே வைத்தார். "இதைச் சொல்ல உனக்கு எட்டு நாளா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல கடையில அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. அப்புறம் போன் பண்ணு, கோடு தரேன். இங்க வராதே."

ஜூன் 26

எலிட்டா அம்மா, டீச்சர் இருவர் முன்னாலும் சொன்னேன். அழக்கூடாது என்று போனேன், அழுதேன். போன் செய்ததும் அண்ணன் ஆறு எண்களைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கடை மெயிலைப் போட்டேன். எக்ஸ்டென்ஷன் ஒரு சுற்றுச் சுற்றி, 'சந்தா நடப்பில் உள்ளது' என்றது. உடனே வாசிக்கவும் தொடங்கியது.

"பதிமூணு நாள்," என்றார் டீச்சர். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

சந்தாவை அவருடைய மெயிலுக்கே மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன்.

ஜூலை 1

எலிட்டா அம்மா ஜார்விஸ் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார். அவர் வந்து தன் ஸ்க்ரூடிரைவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 4

தேர்வு எப்படி என்று டீச்சரைக் கேட்டேன். "எழுதினேன்," என்றார்.

கம்பெனியின் பதில் வந்திருந்தது. டீச்சர் தன் மெயிலில் நுழைந்தால் சந்தா அவர் பெயருக்கு மாறிவிடும். வழக்கம்போல் நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அவர் அதைத் தன் பக்கம் நகர்த்தி, முகத்தை எழுத்துகளுக்கு அருகே கொண்டுபோனார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, மாய்லி."

திரும்பிக்கொண்டேன். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம். தப்பாகிவிட்டது போல, அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார். மறுபடியும் தப்பு. உதவட்டுமா என்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.